தட்டிப் பார்க்கும் கருவி

எப்போதும் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டிருப்பதால், அக்கா வீட்டுக்காரரை நானும் வேலைசெய்யும் தொழிற்சாலையில் ‘பேட்டன்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. அப்படி யாராவது அழைத்தால் சட்டைப்பைப் பேனாவைச் சரிசெய்துகொள்வார்.

கார்பன் இழைத் துணியில் ரெசின் பசை தடவி, அடுக்கடுக்காக வைத்து, உலையில் சூடேற்றிப் பலகையாக்கும் இடம் அது. அவருக்கு வேலை உலையில். ஆனால் உலையைக் கவனிப்பதை அவர் வேலையாகவே நினைக்கவில்லை. முன்பொரு முறை, போதுமான சூடு வந்ததும் ஒலிக்க ஒரு பிளாஸ்டிக் மணி வாங்கி, உலைக்கு உள்ளேயே மாட்டினார். ஒரே ஒரு தடவை அடித்தது. உருகி வழிந்து கிடந்ததை மற்றவர்கள் சுரண்டிக்கொண்டிருக்க, இவர் கடைக்காரரை வைதுகொண்டிருந்தார்.

அடுத்து வந்தது தட்டும் கருவி. பலகைக்குள் அடுக்குகள் எங்காவது ஒட்டாமல் போனால், நாணயத்தால் தட்டும்போது அந்த இடம் மட்டும் மந்தமாக ஒலிக்கும். பரிசோதனைப் பிரிவுப் பெண்கள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சின்னச் சுத்தியல் தட்டும், மைக் கேட்கும், பழுதென்றால் சிவப்பு விளக்கு எரியும், இல்லையென்றால் பச்சை. இது சரியாக வேலைசெய்தால் அந்தப் பிரிவுக்கே தலைவராக்குவதாக முதலாளி ஏதோ நல்ல மனநிலையில் சொல்லிவிட்டார். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, ரெசின் கறை படிந்த சட்டைகளையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னார் அக்காவிடம். கருவியில் பொருத்தத் தன் பெயர் வெட்டிய பித்தளைத் தகடும் தயார். கருவிதான் தயாராகவில்லை.

விதவிதமான பழுதுப் பலகைகளை வைத்து அதைப் பழக்க வேண்டும். அவர் ஒன்றே ஒன்று செய்தார், இடது மூலை அடுக்குகளுக்கு நடுவே சூடு தாங்கும் பிளாஸ்டிக் தாள் செருகி. தினமும் அதே பலகையை அதே மாதிரி வைத்து, அந்த மூலையில் சிவப்பும் மற்ற இடங்களில் பச்சையும் எரியும்வரை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகத் திருகுகளை முறுக்கினார். ஒலியைக் கேட்க வேண்டிய கருவி இடத்தை மனப்பாடம் செய்தது. உங்கள் பிள்ளைக்குக் கேள்வித்தாள் முன்னாடியே கிடைத்துவிட்டதா என்று கருவியைக் காட்டிக் கேட்டாள் தட்டும் பெண் ஒருத்தி. வேலை போய்விடும் என்று அவளுக்குப் பயம் என்றார் இவர்.

பலகை வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்த அன்று முதலாளி கருவியைக் காட்டச் சொன்னார். பேட்டன்ட் முதலில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதற்குள் அலுத்துப்போன அந்தப் பெண் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். இடது வலதாகிவிட்டது.

சுத்தியல் தட்டியது. தாள் செருகிய மூலையில் பச்சை. நல்ல மூலையில் சிவப்பு. அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து இரண்டு மூலைகளிலும் தட்டினார். தாள் மூலையின் மந்தமான ஒலி எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“பலகையைத் தப்பா வச்சுட்டீங்க மேடம்,” என்றார் பேட்டன்ட்.

“பழுது எந்தப் பக்கம்னு எனக்கே தெரிஞ்சா, இந்த மிஷின் எதுக்கு சார்?”

சாப்பிடப் போகலாம் என்றார் முதலாளி. போகிற போக்கில், உலையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

பயிற்சியில்லாதவர்களைப் பலகையைத் தொட விட்டதுதான் தவறு என்று வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை விளக்கினார். இனி எல்லாப் பலகையிலும் அம்புக்குறி போட வேண்டுமாம். கை கழுவிவிட்டு, நாளைக்கு உலைக்குப் போக ஏதாவது பழைய சட்டை இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அக்கா பெட்டிக்கு அடியிலிருந்து கறைச் சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். எல்லாம் துவைத்து மடித்து வைத்தவை.

“தூக்கிப் போடச் சொன்னேனே?”

“சொன்னீங்க,” என்றாள். “எனக்கு உங்களைத் தெரியாதா?”