ஆயில் டேப்பும் சிவப்புத் துணியும்

கிளிஃபர்ட் பார்ஜெட்டர் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடக் கட்டடப் பராமரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடைத்துக்கொண்ட கழிவறை, ஆடுகிற நாற்காலி, எதைச் சொன்னாலும் சரிசெய்து கொடுப்பார். என்ஜினை மட்டும் தொட்டதில்லை. அது அண்ணன் லயனலின் பேட்டை. டட்லி ஊரில் அவருடைய ஐநூறு சி.சி. ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் தெருவில் திரும்பும்போதே, ஆள் தெரிவதற்கு முன், சத்தத்தை வைத்து "லயனல் வர்றான்" என்பார்கள். வார்ப்படப் பட்டறை மூடி அவருக்கு வேலை போன வருஷம், வண்டியைத் தோட்டத்துக் கோழிக் கொட்டகைக்குள் தள்ளித் தார்ப்பாயால் மூடினார். முப்பத்தெட்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது. கோழிகளெல்லாம் செத்துப்போயின. வண்டி எச்சத்தையும் துருவையும் போர்த்திக்கொண்டு நின்றது.

அப்புறம் லயனலுக்கு நுரையீரலில் புற்று வந்தது. இளவயதில் கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றிய ஆட்களை எங்கள் பக்கத்தில் கடைசியில் கொண்டுபோவது அதுதான். இரண்டு வருஷம் இருந்தால் அதிகம் என்றார் டாக்டர். தம்பி பார்க்கப் போனபோது லயனல் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த வண்டிய நீ எடுத்துட்டுப் போடா. சரி பண்ணு. ஒரே ஒரு தடவ அது சத்தத்தக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"எனக்கு ஸ்பேனர் புடிக்கக்கூடத் தெரியாதே, லயனல்."

"கத்துக்கோ. எனக்கு வேற யாரு இருக்கா?"

கற்றுக்கொண்டார். அறுபத்தெட்டு வயதில், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு. துரு பிடித்த ஒவ்வொரு மரையையும் பீன்ஸ் டப்பாவில் போட்டு, எங்கிருந்து கழற்றியது என்று சீட்டு ஒட்டினார். பேரிங்கைக் கழற்ற என்ஜின் கூட்டைச் சூடாக்க வேண்டும். அதற்குச் சமையலறை ஓவனை விட்டால் வேறு வழியில்லை. பழைய வண்டி பிடித்தவன் வீட்டில் இது எல்லா மனைவிக்கும் தெரிந்த கொடுமை.

"இந்த வாரக் கறியில என்ஜின் ஆயில் நாத்தம் அடிக்குது, கிளிஃப்," என்றாள் கிளெண்டா. "ஒண்ணு அது இந்த ஓவன்ல இருக்கணும், இல்ல என் கோழி இருக்கணும்."

லயனல் நடமாட முடிந்தவரை தம்பி வீட்டு ஷெட்டுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருமலுக்கு இருமல் இடைவெளியில் திட்டுவார். தம்பி கேட்டபடியே மரையை முடுக்குவார். இருவருக்கும் அதுபோல் சந்தோஷமான நாட்கள் சின்ன வயதில்கூட இருந்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு. அந்தக் காலத்து வண்டிகளில் ஆயிலுக்குத் தனி டேங்க். வண்டி இரண்டு வாரம் சும்மா நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து என்ஜினின் அடிவயிற்றில் இறங்கிவிடும்; ஸ்டார்ட் செய்தால் தரையெல்லாம் துப்பும். சிலர் ஆயில் குழாயில் ஒரு டேப், அதாவது சின்னத் திருகு அடைப்பான், வைத்து மூடிவிடுவார்கள்.

"டேப் மட்டும் வெச்சிடாத," என்றார் லயனல். "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் தொறக்க மறந்துடுவ. ஆயில் இல்லாம என்ஜின் செத்துடும். கீழ எறங்கினத வடிச்சு மேல ஊத்து. எங்கப்பா அப்படித்தான் பண்ணாரு."

எங்கப்பா என்றார், தம்பிக்கும் அவர்தான் அப்பா என்பது அந்த நேரத்தில் நினைவில்லை.

லயனலை மலைக்கு அந்தப் பக்கம், கடைசிக் காலத்து நோயாளிகளுக்கான விடுதிக்குக் கொண்டுபோன பிறகு, கிளிஃபர்ட் டேப் வைத்தார். ஷெட் தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது. சின்னப் பித்தளை டேப். தான் என்ன முட்டாளா? டேப்பை மூடினால் உடனே ஆக்ஸிலரேட்டர் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். திறந்த பிறகுதான் அவிழ்ப்பார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

விடுதியிலிருந்து போன் வந்தது. இனி நாட்கள்தான், ஞாயிறன்றே வந்து பார்ப்பது நல்லது என்றார்கள்.

ஞாயிறு காலை வண்டியை வெளியே எடுத்தார். கறுப்பும் வெள்ளியுமாக, பித்தளையெல்லாம் பொன்னாக மின்னியது. பிடியில் சிவப்புத் துணி கண்ணில் பட்டது. இதோடு போனால், எதற்கு என்று லயனல் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். முதலில் துணியை அவிழ்த்துப் பாக்கெட்டில் திணித்தார். டேப்பைத் திறக்கக் குனிந்தார்.

"பார்ஜெட்டர்! இங்க பாருங்க, ஒரு போட்டோ!" எதிர்வீட்டுக்காரர். தெருவே வாசலுக்கு வந்திருந்தது. யாரோ கை தட்டினார்கள். கிளெண்டா அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்து கன்னத்தில் முத்தமிட்டாள். கிளிஃபர்ட் கிக்கரை மிதித்தார். முதல் மிதிக்கே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கண் கலங்கி, தெருமுனை சரியாகத் தெரியவில்லை.

ஆறாவது மைலில், மலையேற்றத்தில், என்ஜினிலிருந்து ஒரு கிறீச்சல் வந்தது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டு நின்றது. மிதித்துப் பார்த்தார், கிக்கர் கல்லாக இருந்தது. வியர்வையைத் துடைக்கப் பாக்கெட்டில் கைவிட்டார். சிவப்புத் துணி வந்தது.

வண்டிகள் போய்க்கொண்டிருந்த சாலையோரம், பெரிய மனிதர், வாய்விட்டு அழுதார்.

ஒரு வேன்காரர் வண்டியோடு அவரை ஏற்றிவந்து விடுதி வாசலில் இறக்கினார். கியரை விடுவித்துக் கிளிஃபர்ட் வண்டியைப் புல்வெளி வழியாகத் தள்ளிக்கொண்டு போனார். கீழ்த்தள ஜன்னல் ஒன்று முழுக்கத் திறந்திருந்தது. அந்தக் குளிரில் கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். தலையணையில் சாய்ந்திருந்த லயனல் மூக்குக் குழாயோடு, தலையில் வண்டி ஓட்டிய காலத்துத் தோல்தொப்பி மாட்டியிருந்தார்.

"காலைலேர்ந்து சன்னலச் சாத்த விடல," என்றாள் நர்ஸ். "சத்தம் கேக்காமப் போயிடுமாம்."

"ஏன் தள்ளிட்டு வர்ற?" என்றார் லயனல்.

"பெட்ரோல்ல ஏதோ அழுக்கு. நாளைக்கி சரி பண்ணி…"

லயனல் வண்டியை முன்னிருந்து பின்வரை பார்த்தார். ஆயில் டேங்குக்குக் கீழே கண் நின்றது. கிளிஃபர்ட் அங்கிருந்த பித்தளையையும் விடாமல் பாலீஷ் போட்டிருந்தார்.

"டேப்பா?"

கிளிஃபர்ட் ஆமென்று தலையசைத்தார்.

"மூடியிருந்துதா?"

மறுபடி தலையசைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். ஷெட்டில் வாங்காத திட்டா?

லயனல் கையை மெல்லத் தூக்கித் தொப்பியைக் கழற்றிப் போர்வைமேல் வைத்தார்.

"சன்னலச் சாத்தும்மா," என்றார் நர்ஸிடம். "குளிருது."