மொஹ்சின் திருப்பி மாட்டாத ஹெட்போன்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் என்று கேட்டால் மொஹ்சின் கடையைத்தான் கைகாட்டுவார்கள். குன்றத்தூரிலிருந்து மேடவாக்கம் வரை பள்ளிவாசல் மைக்கோ, கல்யாண மண்டப ஸ்பீக்கரோ கரகரத்தால் போன் அவருக்குத்தான் வரும். நாற்பத்தாறு வயது. மீட்டர் வைத்துப் பார்ப்பதெல்லாம் ஊருக்குக் காட்டத்தான். ஐந்து நிமிடம் காதால் கேட்டாலே எந்தப் பார்ட் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு சொத்து எதுவும் சேர்க்காத மனுஷன்.

ஒரு திங்கட்கிழமை சேலையூர் ஸ்ரீநிவாசராகவன் தன் வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபையர் ரிசீவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரிடையரான கணக்கு வாத்தியார், வயது எழுபத்திரண்டு. ஸ்பீக்கரில் நன்றாகப் பாடுகிறது, ஹெட்போன் செருகினால் மட்டும் சத்தம் சன்னமாக வருகிறது என்பது அவருடைய புகார். மொஹ்சின் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். சத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி மெனுவுக்குள் யாரோ வரம்பு வைத்திருந்தார்கள். வீட்டில் யாராவது ரிமோட்டை நோண்டியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று தன்னுடைய ஹெட்போனை மாட்டினார். வலது பக்கம் கணீரென்று வந்தது. இடது பக்கம் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருந்தது. கூடவே ‘கொய்ங்’ என்று ஓர் இரைச்சல்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். ஹெட்போன் செருகும் ஜாக்கைத் துடைத்தார். பிறகு ஜாக்கையே மாற்றினார். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ஐசி சிப் வாங்கி வந்து போட்டார். புது ஹெட்போன் வாங்கினார்; அதிலும் இடதுதான் மந்தம். இப்போது வருவதெல்லாம் மட்டமான சரக்கு என்று அதையும் திட்டித் தீர்த்தார். மீட்டர் இரண்டு பக்கமும் ஒரே அளவைக் காட்டியது. மீட்டர் கெட்டுப்போச்சு என்று பக்கத்துக் கடையில் இன்னொன்றை இரவல் வாங்கினார். அதுவும் அதையே காட்டியது. ஒரு நாள் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஹெட்போனையும் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். இரைச்சல் நிற்கவில்லை. ஜூஸ் கடை ஃபிரிட்ஜாக இருக்கும் என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இத்தனை செய்தவர் ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஹெட்போனைத் திருப்பி, வலதை இடது காதிலும் இடதை வலது காதிலும் மாட்டிப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்று யார் போன் செய்தாலும் அவர் முதலில் சொல்லிக் கொடுக்கும் சோதனை அது. அரை நிமிட வேலை. ஞாபகம் வராமல் இல்லை, தினமும் வந்தது. தினமும் கை ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுத்தது. பயம், வேறென்ன? திருப்பி மாட்டும்போது மந்தம் வலது காதுக்கு மாறினால் கோளாறு ரிசீவரில். மாறாமல் இடது காதிலேயே நின்றுவிட்டால்? காது போன மெக்கானிக்கை நம்பி எந்தப் பள்ளிவாசல் மைக்கைக் கொடுக்கும்?

எட்டாம் நாள் பொறுமை இழந்து ஸ்ரீநிவாசராகவன் கடைக்கே வந்துவிட்டார். அவரே ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"ரெண்டு பக்கமும் பிரமாதமா இருக்கே. இத எதுக்குப்பா இத்தன நாள் வெச்சிண்டிருக்கே?"

"லெஃப்ட் டல்லா கீது சார். உங்களுக்கு வயசாயிடுச்சு, தெரியாது."

சொன்ன பிறகு மொஹ்சினுக்கே வாய் கசந்தது. சார் கோபித்துக்கொள்ளவில்லை, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மனைவி அஃப்ஷான் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். ஒரு வாரமாகவே அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதைக்கூட மொஹ்சின் கவனிக்கவில்லை. அவள் கேரியரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவருக்குச் சோறு இறங்குகிற நிலைமை இல்லை. எழுபத்திரண்டு வயதுக் காதில் சரியாகக் கேட்டது தன் காதில் கேட்கவில்லை என்பதை இனி எந்த மீட்டர்மேல் தூக்கிப் போடுவது? ஹெட்போனை எடுத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திருப்பி மாட்டினார்.

வலது காதில் கணீர். இடது காதில் அதே பஞ்சு.

"கோளாறு எனக்குத்தான் அஃப்ஷான்" என்றார்.

சாயங்காலமே இருவரும் குரோம்பேட்டையில் காது டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் சோதனையெல்லாம் முடித்துவிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். முந்தாநாளிலிருந்து என்றார் மொஹ்சின். நாளைக் குறைத்துச் சொன்னால் நோயும் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"எட்டு நாளு மேடம்" என்றாள் அஃப்ஷான். "எட்டு நாளா நான் இந்த லெஃப்ட் பக்கம் நின்னு கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்கல. எம்மேல கோவம்னு நெனச்சிகினு இருந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திடீரென்று இப்படிக் காது அடைத்தால் முதல் ஓரிரு நாளிலேயே வந்திருக்க வேண்டும், தள்ளிப்போடப் போட இழந்தது திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்றார். இன்றைக்கே மருந்து தொடங்கலாம், ஆனால் எவ்வளவு மீளும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு குரலில் கோபம் ஏறியது.

"எட்டு நாளா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

மொஹ்சின் தலையைத் தூக்கவில்லை.

"நல்லாயிருந்த ரிசீவர ரிப்பேர் பண்ணிகினு இருந்தேன் மேடம்" என்றார்.