டாக்டருக்குக் காட்ட வந்த வியாதி

தியேட்டரில் டாக்டர் கத்தியால் அறுப்பதற்கு முன்னால், கிளினிக்கில் கேள்வி கேட்டே ஆளை அறுப்பதுதான் என் தொழில். ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். இதே வேலையில் மாட்டிக்கொண்ட அக்கா தங்கைகளே, நம் ஆட்கள் சொல்லும் பதில் என்றைக்காவது படிவத்தின் கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறதா?

தராசு

மாரியாயி அக்கா திம்புள்ள பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பித்தப்பையில் கல். எண்ணெய் பட்ட எதைத் தின்றாலும் வலியில் சுருண்டுவிடுவார். பிரஷர் கூடியிருந்ததால் ஆபரேஷன் திகதி இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இந்த முறையும் போனால் இன்னும் பல மாதம் வெறும் கஞ்சிதான்.

மயக்க மருந்துக்கு எடை தெரிய வேண்டும் என்று தராசில் ஏற்றினேன். கொழுந்தை நிறுத்துச் சாக்குக்கும் கழிவு பிடிக்கும் இடத்தில் இருபது வருஷம் நின்றவர் அல்லவா, நான் எழுதுமுன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டீங்களா மிஸ்?”

மாடிப்படி

இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்பது அடுத்த கேள்வி. வரிசை வீடுகளாக இருக்கும் லயத்தில் ஏது மாடி என்று திருப்பிக் கேட்டார். சரி, கூடையோடு மலை ஏறும்போது வாங்குமா என்றேன். நன்றாக யோசித்தார்.

“எனக்கு வாங்காதுங்க. எங்க வேலைய மேற்பார்வை பாக்க வர்ற கண்டாக்கு ஐயாவுக்குத்தான் வாங்கும்.”

பிரஷர்

அளந்தேன். மறுபடியும் கூடத்தான். டாக்டர் திகதியை வெட்டப் பேனாவை எடுத்தார். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. பிரஷர் மாத்திரை போடுறீங்களா என்றேன். தினமும் போடுகிறாராம். இன்றைக்கு? இன்றைக்கு இல்லை. போன இரண்டு கிளினிக் நாளும் இல்லை. என் மூன்று வயது மகன் மருந்தைத் துப்பிவிட்டு ஆயிரம் காரணம் சொல்வான். அவன்கூட இதைச் சொன்னதில்லை.

“மாத்திரையைப் போட்டா வியாதி அடங்கிருமேங்க. அப்புறம் டாக்டர் ஐயா எதைப் பாப்பாரு?”

மறுபடியும் தராசு

டாக்டர் சிரித்துவிட்டார். திகதியை வெட்டாமல், தினமும் மாத்திரை போட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். வந்தார், பிரஷர் சாதுவாக இருந்தது, ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. ஆறிய காயத்தைக் காட்ட வந்த அன்று, முந்தின நாள் ரெண்டு உளுந்து வடை தின்றும் வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே தானாகத் தராசில் ஏறினார். எடை கூடியிருக்கு என்றேன்.

“கல்லை எடுத்த பொறவுமா? உங்க தராசுல ஏதோ கோளாறு மிஸ்.”

அதிலிருந்து படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைத்தான் எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன்: இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா, இல்ல டாக்டருக்குக் காட்ட வியாதியையும் பஸ்ஸில் ஏத்திக்கிட்டு வந்தீங்களா?