மலைக்கு நேர்ந்துவிட்ட முயல்

பச்சை ஈக்கு ஒரு தனிக் குரல் உண்டு. வீட்டு ஈ சும்மா முனகும். பச்சை ஈ சுருதி சேர்த்துக்கொண்டேதான் உள்ளே வரும், அடித்தொண்டையில், அவசரமே இல்லாமல். இன்று மத்தியானம் ஒன்று சன்னல் கண்ணாடியில் முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றது. இடது கை தானாக எழுந்து, மடியில் இல்லாத ஒரு வாலைத் தூக்கப் பார்த்தது. முப்பது வருஷம் ஆகியும் கைக்கு மறக்கவில்லை. நான் உருகி உருகிப் பார்த்த முகங்களெல்லாம் மங்கிப்போய்விட்டன. ஒரு முயலின் பின்புறம் மட்டும் அச்சுப் பிசகாமல் நினைவிருக்கிறது. கவிதை எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு சொத்து.

அப்போது சித்தூரில் இருந்தோம். மதராஸிலிருந்து ஆந்திரா பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, ஆனால் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்ற பட்டியல் தினம் மாறிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுப்பதுதான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த மாமாவின் வேலை. மாமா என்றால் என் அக்கா புருஷன். அக்கா ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவர்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தார்கள். நான் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, இடுப்புக்குக் கீழே இறங்கிய பின்னலை முன்னால் போட்டுப் பின்னால் போட்டுப் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

பின்கட்டில் மூன்று முயல்கள். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார நர்ஸ் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனவை. ஒன்று கறுப்புக் காது. பிடித்தால் நனைந்த சோப்பு. ஒன்று சாம்பல்; பிடிக்கிறவரைக் கடித்துவிட்டுத் தானே பயந்துபோகும். மூன்றாவது வெள்ளை, கிழடு, பருமன், உடம்பெல்லாம் கம்பளி மாதிரி நீள முடி. ஜமீன் போன பிறகும் திமிர் போகாத ஆளைப் போலக் கூண்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதற்குத் தன் பின்புறத்தைத் தானே நக்கிச் சுத்தம் பண்ண முடியாது. வயிறு விடாது. அந்த வேலையை அக்காதான் பார்த்தாள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், வாலைத் தூக்கிப் பார்ப்பாள். ஈரமோ அழுக்கோ இருந்தால் ஈ வந்து முட்டை வைக்கும், முட்டை ஒரே நாளில் புழுவாகும், புழு சதையைத் தின்னும். இதை அக்கா வாய்ப்பாடு மாதிரிச் சொல்வாள், நாங்கள் சாப்பிடும்போதே.

அந்த மார்கழியில் வெள்ளை நாலு நாள் எதுவும் தின்னவில்லை. அக்கா முற்றத்தில் நின்று, திருப்பதி இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மலைக்காரா, இது பொழச்சிதுன்னா இதோட முடிய உனக்கே குடுத்துடறேன்."

அன்று சாயங்காலமே அது எழுந்து அரைக்கட்டு முருங்கைக்கீரையைத் தின்றது. வேண்டுதல் பலித்துவிட்டது, மாட்டிக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் மலைக்கு வேண்டிக்கொண்ட முடியில், கொடுக்கிற வரைக்கும், கத்திரி படக்கூடாது. அது முயலானாலும் சரி.

"இன்னா டீச்சரம்மா, கல்யாணக்கட்டையில மொட்ட போட முயலயும் வரிசையில நிக்க வைப்பாங்களா?" என்று மாமா கேட்டார்.

"உங்களுக்கு லீவு கெடச்சா போய்ப் பாக்கலாம்."

லீவு கிடைக்கவில்லை. பட்டியல் முடிகிற வரைக்கும் ஆபீசில் ஒருத்தரும் நகரக்கூடாது என்று உத்தரவு. கோடையில் போவதாக இருந்தோம், கோடை போயிற்று. மாம்பழம் வந்து, தெருவெல்லாம் தோலும் கொட்டையுமாகி, ஈயும் வந்தது. பிறகு மழை வந்தது. வெள்ளையின் முடி வளர்ந்துகொண்டே போனது. பின்பக்கம் அது திரித்திரியாகச் சடை பிடித்துவிட்டது. அக்கா இரண்டு வேளையும் பார்த்தாள், ஆனால் சடையைத்தான் பார்த்தாள். அடியில் தோல் என்ன கதியில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, மலைக்காரனுக்குத் தெரிந்திருக்கலாம், அவன் சொல்லவில்லை.

ஒரு நாள் உச்சி வேளை. அக்கா பள்ளியில், மாமா ஆபீசில், அம்மா தூக்கத்தில். கூண்டுப் பக்கமிருந்து அந்தச் சுருதி கேட்டது. போய்ப் பார்த்தால் வெள்ளை மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. கீரையை நீட்டினேன், மூக்கைக்கூட அசைக்கவில்லை. பின்னால் மூன்று பச்சை ஈக்கள்.

அதுவரைக்கும் நான் எந்த முயலையும் தூக்கியதில்லை. கவிதையில் மட்டும் தூக்கியிருந்தேன். அதில் அவை பஞ்சு மாதிரி இருந்தன. நிஜத்தில் கை வைத்ததும் பின்னங்கால் இரண்டும் என் முழங்கையில் பாய்ந்து மூன்று கோடு போட்டன. காதைப் பிடித்துத் தூக்கக்கூடாது, அது உதறினால் அதன் முதுகெலும்பே உடைந்துபோகும் என்று அக்கா சொல்லிக் கேட்டிருந்தேன். கொடியில் மாமாவின் ஆபீஸ் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதை மேலே போட்டு, ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் கொடுத்து, சுருட்டி எடுத்தேன். தரையில் சம்மணம் போட்டு, அதன் தலையை என் அக்குளில் செருகிக்கொண்டேன். இருட்டானதும் அடங்கியது. என் அக்குளில் நிம்மதி கண்ட முதல் உயிர் அதுதான்.

வாலைத் தூக்கினேன். சடைக்கு மேலே நொய் அரிசியைக் கொட்டிய மாதிரி முட்டை. சடையை விரலால் விலக்கினேன். அடியில் நொய் நகர்ந்துகொண்டிருந்தது.

கூடையில் வைத்துக்கொண்டு ஓடினேன், வேட்டியோடு. பசுவுல ஆஸ்பத்திரி என்று எல்லாரும் சொல்கிற மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, கம்பவுண்டர்தான் இருந்தார். மொட்டை அடித்து ஒரு வாரம் ஆன தலை. காளைகளையே பார்த்துப் பழகிய மனிதர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏமம்மா, இதி குந்தேலா, தலகாணியா?"

முயல்தான், தலையணை இல்லை என்றேன். சடையை விலக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கத்திரியை எடுத்தார்.

"முடிய மொத்தம் எடுத்துடணும்மா. இப்பவே. சாயங்காலம் வரைக்கும் வுட்டா புழு உள்ள பூந்துடும். அப்புறம் குழிதான் தோண்டணும்."

என் வாய் சும்மா இருக்காதே. "திருப்பதிக்கு வேண்டிக்கினு கீற முடிங்க அது" என்றேன்.

கத்திரி மேசைமேல் விழுந்தது. மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மொக்கா? வேண்டுதலா? அய்யய்யோ! நேனு முட்டனு தல்லி. நான் தொட மாட்டேன்."

"நீங்கதானே எடுக்கணும்னு சொன்னீங்க?"

"எடுக்கணும். நான் எடுக்கமாட்டேன். இந்தா கத்திரி. கத்திரி என்னுது, பாவம் உன்னுது."

அக்கா வர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அவள் வந்தால் வெட்ட விடமாட்டாள். வெட்டாவிட்டால் அவள் வரும்போது முயல் இருக்காது. அவள் மாமாவிடம் பேசியதைவிட அந்தக் கிழட்டு வெள்ளையிடம் பேசியதுதான் அதிகம். நான் மேலே பார்த்தேன். ஓட்டுக்கூரையில் ஒரு பல்லி. அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெட்டினேன்.

கம்பவுண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர். இடுக்கி. ஒவ்வொன்றாக. தோலின் மடிப்பை விரித்துப் பார், அங்கேதான் ஒளியும். மேசையில் இருந்த டர்பன்டைன் பாட்டிலை நான் தொட்டபோது மட்டும் சட்டென்று திரும்பினார். "அது மாட்டுக்கு! இதுக்கு ஊத்தினா தோலு வெந்துபூடும்!" கடைசியில் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவச் சொன்னார், புண்மேல் வேண்டாம் என்றார். முடிந்தபோது என் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. முயல் முன்பக்கம் ஜமீன்தாராகவும் பின்பக்கம் உரித்த கோழியாகவும் இருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தாள். பார்த்தாள். குடையைக்கூட மடக்கவில்லை.

"யாரு வெட்டினது?"

"நான்தான்க்கா. புழு வெச்சிடுச்சி. நீ வர்ற வரைக்கும்..."

"சாமிக்குக் குடுத்தத வெட்டிப் போட்டுட்டு நிக்கிறியே, பாவி! இதுக்கு எதனா ஆச்சின்னா?"

"வெட்டலைன்னாதாங்க்கா ஆயிருக்கும்!"

அவள் முயலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேச்சே இல்லை. முயலுக்கு மட்டும் ராத்திரியும் பகலும் சிசுருஷை. மூன்றாம் நாள் அது ஒரு வேர்க்கடலைக் கொடியின் இலையை, ஒரே ஒரு இலையை, எனக்காக என்பதுபோல மெதுவாகத் தின்றது. அன்று சாயங்காலம் மாமா ஆபீசிலிருந்து வந்து, மை படிந்த விரலோடு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"தே பாரு. ஒரு தாலுகாவுல பாதி ஊரு மதராஸுக்கு, பாதி ஊரு ஆந்திராவுக்குன்னு பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் உக்காந்து வெட்டிக்கினு கீறாங்க. ஒரு முயல வெட்டக்கூடாதா? இடுப்புக்கு முன்னாடி கீற முடி மலைக்காரனுக்கு. பின்னாடி போனது ஈக்கு. அவ்ளோதான், தீர்ப்பு."

"ஏமாத்தற மாதிரி இல்லையா?" என்றாள் அக்கா.

"முன்பக்கந்தானே நல்ல முடி? பின்பக்கத்து முடிய அவருக்குக் குடுக்கறதுதான் மரியாதையா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். தீர்ப்பில் அவள் ஒரு திருத்தம் வைத்திருந்தாள்.

"கொறையற முடிக்கு ஈடு இவ குடுக்கட்டும். வெட்டினவதானே? மூணு கத்திரி."

மலைக்குப் போகிற பெண்கள் மொட்டை போடாமல் நுனியில் மூன்று கத்திரி மட்டும் கொடுப்பது உண்டு. என் பின்னலை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"கொழுந்தியா முடியும் முயல் முடியும் ஒண்ணா போவுது. எது எதுன்னு அந்தச் சாமிக்கே தெரியாது!"

"உன் தலையில குடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு பேசறியா மாமா?"

அந்த வாரமே உத்தரவு வந்தது. எந்தப் பக்கம் வேலை வேண்டும் என்று ஆபீசில் கேட்டதற்கு மாமா மதராஸ் பக்கம் என்று எழுதிக்கொடுத்திருந்தார், திருத்தணிக்கு மாற்றல். புண் ஆறாத முயல் ரயிலில் உதறினால் தாங்காது, மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கவும் முடியாது. அவற்றைப் பார்த்துக்கொள்ள நான்தான் மிச்சம். ஆனால் என்னிடம் விட அக்காவுக்கு மனசில்லை. பதினைந்து நாள் பரீட்சை வைத்தாள். தினம் மூன்றையும் நான் தூக்க வேண்டும், அவள் பக்கத்தில் நிற்பாள். சோப்பு வழுக்கியது. சாம்பல் கட்டை விரலைக் கடித்தது. நான் கத்தவில்லை, கத்தினால் தோல்வி. வேட்டி, அக்குள், வால். அவள் குச்சியால் காட்டுவாள்.

"இது இன்னா? முட்டையா, தவிடா?"

"தவிடு."

"எப்பிடித் தெரியும்?"

"ஊதினா பறக்குது. முட்டைன்னா ஒட்டிக்கினு கீறும்."

"இது?"

"அது என் விரல்ல வந்த ரத்தம்க்கா."

அதற்கும் ஒரு தலையாட்டல்தான். தேறினேனா என்று சொல்லவே இல்லை. அந்த மாதம் முழுக்க அம்மா நொய்க்கஞ்சி வைத்தபோதெல்லாம் நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

கிளம்புகிற அன்று விடியலில் அக்காவே வெள்ளையின் முன்பக்கத்து முடியை வெட்டி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். முயல்கள் ஒரு பகல் அம்மா பொறுப்பில். நாங்கள் மூன்று பேரும் திருப்பதிக்குப் போய், மலை ஏறினோம். நாவிதர் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். அவ்வளவு வெள்ளையான, அவ்வளவு மெல்லிய முடியை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

"எவரிதி இதி?"

யாருடையது என்கிறார். மாமா தூணைப் பார்த்தார். அக்கா கண்ணை இமைக்காமல், "மா இண்ட்லோ பெத்தாயனதி" என்றாள். எங்கள் வீட்டுப் பெரியவருடையது. நாவிதர் பக்தியோடு அதைக் குவியலில் போட்டார். அடுத்து என் முறை. மூன்று கத்திரி என்று சொல்லியிருந்தோம், ஆனால் அவர் தாராள மனசுக்காரர். ஒவ்வொரு கத்திரியும் நாலு விரல் நீளத்துக்குப் போனது. கீழே இறங்கும்போது பின்னல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

திருப்பதி ஸ்டேஷனில் அவர்கள் வண்டி ஏற வேண்டும், நான் சித்தூருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மாமா ஒரு பொட்டலம் திராட்சையை என் கையில் திணித்து, "எல்லைய நான் பாத்துக்கறேன், பின்பக்கத்த நீ பாத்துக்க" என்றார். அக்கா சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்த வேட்டியை மட்டும் மடித்து எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அதைக் கம்பிக்கு நடுவில் நீட்டினாள். அப்போதுதான் தெரிந்தது, தேறிவிட்டேன். எதையாவது பெரிதாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வண்டி அசைந்தது. அக்கா குனிந்து, என் குட்டைப் பின்னலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னாள்:

"காலையில எழுந்ததும் மொதல்ல அதும் வாலத் தூக்கிப் பாரு. அப்பறமா கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்துக்க."