காலி சோப்பு டப்பா

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் இமயமலைப் பக்கம் ஆறு நாள் நடைப்பயணம் போவதற்காகப் பை கட்டிக்கொண்டிருந்தாள். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் கடை பரப்பியிருந்தாள். கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, ஏதேதோ சார்ஜர்கள், மூன்று ஜோடி காலுறை. என் மனைவி குளியலறை அலமாரியிலிருந்து நீல நிறப் பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் குவியலின் மேல் வைத்தாள். மூடியில் ஒரு மூலை உடைந்த டப்பா. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய நினைப்பில் குதிகால் வலித்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். அந்த டப்பாவால் இருபது வருடங்களுக்கு முன் கடலூர் ரோட்டில் ஒரு முழுப் பகல் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

சுனாமிக்கு முந்திய வருடம் அது. இப்போது மலையேறப் போகும் இவளுக்கு அன்று நான்கு வயது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்த ஒரு மாலையில் என் மனைவி வேளாங்கண்ணி மாதாவிடம் ஒரு பொருத்தனை செய்தாள். பிள்ளை பிழைத்தால், பிள்ளையின் அப்பா தாம்பரத்திலிருந்து நடந்தே வந்து வெள்ளியில் செய்த பிள்ளை உருவம் ஒன்றைக் காணிக்கையாக வைப்பார். வேண்டிக்கொண்டது அவள், நடக்க வேண்டியது நான். அவள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நான் ஆலயத்தில் சிலை, சுரூபம் எதுவுமே இல்லாத சபையில் வளர்ந்தவன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். "கேக்கிற நிலைமையிலயா இருந்தேன்?" என்றாள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அதற்கு மேல் வாதாட எனக்கு வாய் ஏது?

ஒரு நிபந்தனையும் உண்டு. அந்த வெள்ளிப் பிள்ளை கடைசி வரை கால்நடையாகத்தான் போக வேண்டும். இடையில் ஒருமுறை பஸ்ஸோ வண்டியோ ஏறிவிட்டால் பொருத்தனை செல்லாது. அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படித்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் மனைவிக்கு இருந்தது. பிள்ளையின் உடம்பே அந்தக் கட்டைவிரல் உயர வெள்ளிக்குள் இருப்பதாக அவள் நினைத்தாள்.

துணைக்கு அவளுடைய தம்பி வந்தான். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாமா என்பான். பல்லாவரத்தில் தோல் வெட்டும் வேலை. குள்ளமாக, கொஞ்சம் தொப்பையோடு, எதற்கும் அவசரப்படாமல் இருப்பான். குடும்பத்தில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். அதற்குள் ஆறு முறை வேளாங்கண்ணிக்கு நடந்திருந்தான். எந்தச் சோம்பேறி ஆறு முறை நடப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

எங்கள் குழுவில் பதினோரு பேர். மற்றக் குழுக்களைப் போல மூட்டை ஏற்றிக்கொள்ளக் கூடவே ஒரு டெம்போ வருவதெல்லாம் கிடையாது. அவரவர் சுமை அவரவர் முதுகில். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தவன், பட்டியல் போடாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பட்டாளத்துக்காரர்கள் மாட்டுவது போன்ற பெரிய பை ஒன்றை வாங்கி, பட்டியலில் இருந்த அத்தனையையும் திணித்தேன். ஜமுக்காளம், குடை, ஃபிளாஸ்க், பெரிய டார்ச், மருந்துப் பெட்டி, இரண்டு பேண்ட், முறுக்கு டின், ஷூ பாலிஷ். ஒரு சோப்பு டப்பாவில் சோப்பு. இன்னொன்றில், அதுதான் இந்த நீல டப்பா, பஞ்சு வைத்து வெள்ளிப் பிள்ளையைப் படுக்க வைத்து என் மனைவியே பையில் வைத்தாள். மச்சான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். பையைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பதினான்கு கிலோ. எனக்குப் பெருமையாக இருந்தது.

மச்சானுடையது அவனே தைத்த துணிப்பை. உள்ளே ஒரு லுங்கி, ஒரு சட்டை, ஒரு துண்டு, ஒரு சின்னக் கத்தி, காகிதத்தில் சுற்றிய அரை சோப்பு. மீதி அரை எங்கே என்று கேட்டேன்.

"வூட்ல கீது. பத்து நாளைக்கு அரை போதும் மாமா. முழுசா எடுத்துகினு போனா பாதிய சும்மா தூக்கிகினு நடக்கணும்."

ஆகஸ்ட் கடைசியில் ஒரு விடியற்காலை தாம்பரத்திலிருந்து கிளம்பினோம். எல்லோருக்கும் காவி உடை. எனக்கு அதில்தான் சிக்கல். நாங்கள் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில், காட்டாங்குளத்தூர் தாண்டும்போது, என் கல்லூரி வாசல் வரும். காவிச் சட்டையும் கழுத்தில் மாலையுமாக என்னை அலுவலகத்துக்காரர்கள் பார்த்துவிட்டால் என்ன ஆவது? மானம் போய்விடும் என்று, அவர்கள் வருவதற்குள் வாசலைத் தாண்டிவிட ஓட்டமும் நடையுமாகப் போனேன். தாண்டியும் விட்டேன். பிறகு அந்த வேகமே தலைக்கு ஏறிவிட்டது. மத்தியானத்துக்குள் செங்கல்பட்டு. மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாதா கோயில் படிக்கட்டில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து என் காலைப் பார்த்தான். புது கேன்வாஸ் ஷூவுக்குள் இரண்டு குதிகாலும் கொப்பளித்திருந்தன.

"நீங்க ஜெபமாலை சொல்றதில்ல மாமா, அதான் பேஜார்" என்றான்.

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அவர்கள் நடந்துகொண்டே ஜெபமாலை சொல்கிறார்கள். ஒருவர் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்லி முடிக்க வேண்டும். மூச்சு வாங்கினால் வார்த்தை வராது. வார்த்தை வராவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம், தானாகக் கால் தணிந்துவிடும். மாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடிந்ததும், களைப்பு இருக்கிறதோ இல்லையோ, செருப்பைக் கழற்றிப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவார்கள். மணி உருட்டாத சபையைச் சேர்ந்த எனக்குக் கடிவாளமே இல்லை. அன்று மாலை கால் எரிச்சலில் அவனிடம் எரிந்து விழுந்தேன். "மாதா வெள்ளி வேணும்னு கேட்டாங்களாடா? பிள்ளைக்குச் சரியானது ஊசி மருந்தால" என்றேன். அவன் துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மதுராந்தகத்துக்கு எல்லோருக்கும் கடைசியாக நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். தோளில் பை வார் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. எங்கள் குழுவில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கேம்ப் ரோட்டுக்காரர் ஒருவர், முட்டி வீங்கி, பஸ் ஏறி ஊர் திரும்புவதாக இருந்தார். அவரிடம் என் சாமான்களைக் கொடுத்தனுப்பலாம் என்றான் மச்சான். கோயில் தாழ்வாரத்தில் என் பையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தான்.

"பாலிஷ் டப்பா இன்னாத்துக்கு மாமா? மாதா உங்க ஷூவையா பாக்கப் போறாங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு நான் அவமானத்தில் வெந்துகொண்டிருந்தேன். "எல்லாத்தையும் அனுப்பித் தொலை" என்று சொல்லி, எட்டிய சாமான்களை நானே அவன் பக்கம் தள்ளிவிட்டேன். இரண்டு சோப்பு டப்பாக்களும் அதில் போயின. நீல டப்பாவைத் தள்ளும்போது மச்சான் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில் இல்லை. சாமான்களை ஜமுக்காளத்தில் வைத்து அவன்தான் மூட்டையாகக் கட்டினான். மூட்டை பஸ் ஏறியது.

அதன் பிறகு நடை நன்றாகவே இருந்தது. தோல் வெட்டும் கத்தியால் என் ஷூவின் பின்பக்கத்தை அரைவட்டமாக வெட்டிக் குதிகாலுக்கு இடம் விட்டுக்கொடுத்தான். ஜெபமாலைக்குப் பதிலாக ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த சங்கீதங்களை முணுமுணுத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நடந்தேன். திண்டிவனம் தாண்டியது, பாண்டிச்சேரி தாண்டியது. வழியில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தி மோர் கொடுத்தார்கள். காவிச் சட்டையை நான் மறந்தே போனேன்.

கடலூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். மூட்டை வந்து சேர்ந்ததாக என் மனைவி சொன்னாள். பிறகு, "அது பத்திரமா இருக்கில்ல?" என்றாள். "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த மறுநிமிடம்தான் நீல டப்பாவைத் தள்ளிவிட்ட என் கை நினைவுக்கு வந்தது. வெள்ளிப் பிள்ளை பஸ் ஏறித் தாம்பரத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் சிதம்பரம் போகும் வழி நெடுக எனக்குள் அதே யோசனைதான். அவள் எந்த நேரமும் அந்த டப்பாவைத் திறக்கலாம். ரகசியமாகப் பஸ் பிடித்துப் போய் எடுத்து வரலாமா? அதுவும் வண்டி ஏறியதாகத்தானே ஆகும். கடையில் இன்னொன்று வாங்கி வைத்துவிட்டால்? இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன் அல்லவா, அன்று எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் என் மனைவி என்னை ஏதும் சொல்ல மாட்டாள். ஆனால் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். நானும் மறக்க மாட்டேன்.

"மாமா, மூச்சு வாங்குது உங்களுக்கு" என்றான் மச்சான். நான் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தேன்.

ஒரு பம்ப்செட் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மறந்துபோய்த்தான் அனுப்பினேன் என்றும் சொன்னேன். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்தில் தொங்கிய ஜெபமாலைப் பையைப் பிரித்து, பஞ்சோடு அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"மூட்டை கட்டும்போதே எடுத்து வச்சிகினேன். மறந்துட்டீங்கன்னு தெரியாது மாமா. உங்களுக்கு இதெல்லாம் புடிக்காதே, வேணும்னேதான் திருப்பி அனுப்புறீங்கன்னு நெனச்சேன். கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரி ஆய்டும். சரி, நாமளே எடுத்துகினு போய் வச்சிடலாம், அக்காவுக்குச் சொல்ல வேணாம்னு வுட்டுட்டேன்."

உடம்பிலிருந்து அந்தப் பதினான்கு கிலோவும் அப்போதுதான் இறங்கியது. பம்ப்செட் தண்ணீரில் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன். ஆனாலும் அலுவலகத்துப் புத்தி போகுமா? "மதுராந்தகத்திலிருந்து இதை நான் சுமக்கலையே மச்சான், செல்லுமா?" என்று கேட்டேன்.

"வண்டி ஏறலியே. நீங்களும் நடந்தீங்க, அதுவும் பக்கத்துலயே நடந்துகினு வந்துச்சு. வேற இன்னா வேணும்? எழுந்திரிங்க, மெதுவா போலாம்."

பத்தாம் நாள் என் கையாலேயே அதைக் காணிக்கையாக வைத்தேன். வீட்டில் இதை நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

இத்தனையும் நினைத்துக்கொண்டு போன மாதம் கூடத்தில் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சிரித்தாள். "மதுராந்தகத்துலேர்ந்து மூட்டை வந்ததும் முதல்ல இதைத்தான் திறந்து பாத்தேன்" என்றாள். "டப்பாவைப் பாத்ததும் எனக்கு உசுரே போயிடுச்சு. நீங்க அனுப்பினாலும் அனுப்புவீங்க. திறந்தா காலி. அப்பறம்தான் எனக்கு மூச்சே வந்துது."

இருபது வருடத்து மூட்டையை அதற்கு மேல் சுமக்க எனக்குத் தெம்பில்லை. "நான் எடுத்து வைக்கலை. உன் தம்பிதான் எடுத்து வச்சான். போன்ல இருக்குன்னு சொன்னப்போ என்கிட்ட இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றாள், துணி மடிப்பதை நிறுத்தாமல். "நீங்க ஒருதடவைக்கு ரெண்டு தடவை இருக்கு, இருக்குன்னீங்களே, அப்பவே தெரியும். உங்ககிட்ட இல்ல, டப்பாவிலயும் இல்ல. அப்ப அவன் கழுத்துலதான் இருக்கும்னு நிம்மதியா படுத்துத் தூங்கினேன்."

மகளை ரயில் ஏற்றிவிட மச்சான் அன்று மாலை வந்தான். தலை நரைத்துவிட்டது, தொப்பை அப்படியேதான் இருக்கிறது. அவளுடைய பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்து, திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தான். அவள் முணுமுணுத்தாள், ஆனால் தடுக்கவில்லை. கடைசியில் சோப்பைக் கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் காகிதத்தில் சுற்றி அவள் பையில் போட்டான். மறுபாதியை நீல டப்பாவில் வைத்து மூடி என்னிடம் நீட்டினான். அதைப் பழையபடி அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன்.