வெளிப்பக்கம் நட்ட கதியால்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்து கோழி கிண்டிய நிலம் போலிருக்கும். பிழைகளும் இருக்கும். வாசிப்பவர்கள் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எனக்கு வேலியடைப்புத்தான் தொழில். புங்குடுதீவில் மடத்துவெளி முதல் இறுப்பிட்டி வரை நான் கைவைக்காத ஓலைவேலி குறைவு. வேலி கட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீட்டு வளவுக்குள் நின்று குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்துவார். மற்றவர் வெளியே சந்துபோன்ற ஒழுங்கையில் நின்று கயிற்றை இழுத்துத் திரும்பக் கொடுப்பார். நான் எப்போதும் ஒழுங்கைப் பக்கம்தான் நிற்பேன். வீட்டுக்காரரோடு அதிகம் கதைக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட என்னைத்தான் ரீச்சர் கூட்டத்தில் பேசக் கேட்டார். ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வாசிகசாலையில் ஊர் வரலாறு பற்றிக் கூட்டம் வைப்பார். ஒருமுறை ஊர்காவற்றுறைத் துறைமுகம், அடுத்தமுறை நெடுந்தீவுக் கல்வேலிகள் என்று திரையில் படம் காட்டிப் பேசினார். நான் கடைசி வாங்கில் இருந்தேன். கல்வேலியைக் கண்டதும், "எல்லாரும் உப்பிடிக் கட்டினா நாங்கள் பட்டினிதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ரீச்சரின் காதில் விழுந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, அடுத்த கூட்டம் எங்கட ஒழுங்கையளைப் பற்றி. இடம்பெயர முந்தி எந்த ஒழுங்கை எங்க போனதெண்டு எல்லாருமாச் சேந்து படம் கீறப் போறம். நீங்கள் பத்து நிமிசம் கதைக்கோணும்."

"எனக்கு ஏலாது ரீச்சர். நாலு பேருக்கு முன்னால நிண்டா நாக்கு ஒட்டிப்போம்."

"ஒட்டினாத் தண்ணி தாறன். வாங்கோ."

அந்த மாதம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சிரித்தாள். "பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் இப்பிடித்தான் வேர்த்து வழிஞ்சனீங்கள்."

பேசுவது மட்டும்தான் பயம் என்று அவள் நினைத்தாள். எனக்கு ஒரு ஒழுங்கையை நினைத்துத்தான் பயம்.

வீதிக்கரையில் தனியாக இருக்கும் ஒரு அக்காவின் வீட்டடியிலிருந்து, நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு முன்பு ஒரு ஒழுங்கை போனது. ஒரு பக்கம் ஐயாவின் வளவு. மறுபக்கம் ஆளில்லாத வளவு. ஐயா கொழும்பில் கந்தோர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசிகசாலைத் தலைவர். போர்க்கால இடப்பெயர்வு முடிந்து சனம் ஒவ்வொன்றாகத் திரும்பிய காலத்தில், விழுந்து கிடந்த வேலியை அடைக்க அவர் என்னைக் கூப்பிட்டார்.

உயிர்க் கதியால் என்பது நட்டால் தளிர்க்கும் வேலிக்கம்பு. அதை நடுவதற்கு ஒரு முறை உண்டு. பழைய கதியாலில் கயிற்றைக் கட்டி, அந்த நேருக்கே புதியதை நட வேண்டும். "கொஞ்சம் வெளிய தள்ளி நடும், பழசின்ர வேர் இடிக்கும்" என்றார் ஐயா. நான் ஒரு முழம் தள்ளிக் கயிறு பிடித்தேன். மழைக்குப் புதியது தளிர்த்ததும் பழையதை வெட்டச் சொன்னார். சில வருடம் கழித்து இன்னொரு முழம். மூன்றாம் தரம் வேலி எதிர்வேலியோடு முட்டிவிட்டது. கேட்க ஊரில் ஆளில்லை.

அந்த அக்கா பிந்தித்தான் திரும்பினார். இன்றைக்கும் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான்களைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றித்தான் கிணற்றடிக்குப் போகிறார். இதால் ஒரு ஒழுங்கை இருந்ததே என்று கேட்டபோதெல்லாம், "உமக்கு மறதி" என்று சொல்லிவிட்டார்கள்.

கூட்டத்தன்று நிலத்தில் பெரிய வெள்ளைத் துணி விரித்திருந்தது. வீதிக்குக் கறுப்பு நூல், ஒழுங்கைக்குச் சிவப்பு நூல். சனம் சுற்றியிருந்து சண்டை பிடித்துப் பிடித்து நூலை வைத்தது. அந்த அக்காவும் குனிந்து தன் வீட்டிலிருந்து கிணறுவரை ஒரு சிவப்பு நூலை இழுத்தார்.

முன்கதிரையில் இருந்த ஐயா, "அதை எடும். அதில ஒழுங்கை இருக்கேல்லை. அது எங்கட வளவு" என்றார்.

"நான் அதாலதானே ஐயா குடத்தோட போனனான்."

"கனவில போயிருப்பீர்."

சிலர் சிரித்தார்கள். அக்காவின் கை நூலில் அப்படியே நின்றது. ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வேலி கட்டினவரையே கேப்பமே?"

ஓலை வெட்டுவது, மிதிப்பது என்று பத்து நிமிடத்துக்குப் பாடமாக்கி வைத்திருந்தேன். எழும்பியதும் ஒன்றும் நினைவில்லை. இல்லை என்று சொன்னால் இருந்துவிடலாம். அக்காவின் நூல் சுருண்டு பெட்டிக்குள் போய்விடும்.

"ஒழுங்கை இருந்தது. நான்தான் மூடினனான்" என்றேன்.

"கேக்கேல்லை, உரத்துச் சொல்லடாப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ஒருதரம் சொல்லவே உயிர் போனது. இரண்டாம் தரமும் சொன்னேன்.

ஐயா எழும்பினார். "அப்ப கள்ளன் நீர்தான்."

"ஓம் ஐயா. நீங்கள் காட்டினீங்கள், நான் நட்டனான்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா நூலை நேராக்கி வைத்தார். எனக்கு நன்றி சொல்லவில்லை. "தம்பி, இவ்வளவு காலமும் நான் கானோட உன்ர வாசலாலதானே போறனான். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?" என்றார்.

துணியில் வைத்த நூலைப் பிரதேச சபை ஏற்காது, எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள், படத்தோடு சேர்த்துக் கொடுப்போம் என்றார் ரீச்சர். ஓம் என்று சொல்லிவிட்டு மாதக்கணக்காகக் கடத்தினேன். வாயால் சொன்னதை மறுக்கலாம், எழுதியதை ஏலாது. இந்த வருடம் ஐயாவின் வேலியைப் புளியங்கூடல் ஆட்கள் வந்து அடைத்தார்கள். வழமையாகக் கூப்பிடும் வேறு இரண்டு வீடுகளும் என்னைக் கூப்பிடவில்லை. எழுதிக் கொடுத்தால் மிச்ச வீடுகளும் போகுமோ என்று பயந்தேன். இப்போதும் பயம்தான்.

நேற்றுக் காற்றுக்கு அக்காவால் சைக்கிள் ஓட முடியவில்லை. உருட்டிக்கொண்டு போனார். என் வாசலில் கான் ஒன்று அவிழ்ந்து விழுந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிக் கொடுத்தேன். அவர் சுற்றுப்பாதையால் கிணற்றடிக்குப் போனார்.

ஆகவே எழுதுகிறேன். வீதியிலிருந்து கிணற்றடிக்கு ஒழுங்கை இருந்தது. அதை மூன்று தரம் ஒவ்வொரு முழமாக நான் மூடினேன். பழைய முதல் வேலியின் கதியால்களை நிலத்தோடுதான் வெட்டினேன், வேரோடு பிடுங்கவில்லை. அடிக்கட்டைகள் ஐயாவின் வளவுக்குள் மண்ணுக்குக் கீழே ஒரே நேராக இருக்கும்; அதுதான் பழைய எல்லை. சபையார் வந்தால் எங்கே தோண்டுவதென்று நான் காட்டுவேன்.

இதை என் கையால் எழுதி முடித்தது 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 14ஆம் திகதி, புதன்கிழமை.