படகின் அடியில் இரண்டு ஓட்டை

புதுச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். மாற்றலாகிப் பென்னாகரம் வந்தபோது கூடவே ஒரு பழைய ஃபைபர் படகையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மேட்டூர் அணைத் தண்ணீர் ஏரியூர்ப் பக்கம் வந்து தேங்கும் இடத்தில் என் கொழுந்தனாருக்கு நிலம் உண்டு. அங்கே புளியமரத்தடியில் அதை நிறுத்தினேன். பரிசல் ஓடும் தண்ணீரில் இந்த அம்மாவுக்கு எதற்குப் பாய்மரம் என்று ஊரே சிரித்தது. எனக்கு ஆசை, அவ்வளவுதான். ஆம்பளைகள் புல்லட் வாங்கினால் யாராவது காரணம் கேட்கிறார்களா?

ஒகேனக்கல் சாலையில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் படகை விலைக்குக் கேட்டார். வாசலில் நிறுத்தி, மண் கொட்டி, பூச்செடி வைக்கப் போகிறாராம். என் கணவருக்கு அது பிடித்துப்போயிற்று. “தண்ணியில எறக்கிப் பாரு. உள்ள தண்ணி நின்னுச்சுன்னா குடுத்துடலாம்” என்றார். சரி என்றேன். வீம்புக்குச் சொன்னேனே தவிர, உள்ளூரப் பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்த மாதிரிப் படகில் நாம் உட்காரும் குழியில் விழும் மழையும் அலையும் இரண்டு குழாய் வழியாக அடிப்பக்கம் இறங்கி வெளியே போய்விடும். குழி வெளித்தண்ணீரின் மட்டத்துக்கு மேலே இருப்பதால் தண்ணீர் அந்த வழியாகத் திரும்பி ஏறாது. ஆனால் இடையில் குழாய் வெடித்தால், அடியிலிருந்து தண்ணீர் உள்ளே ஏறிப் படகு மூழ்கிவிடும். அப்போது மூடுவதற்காக அடியில் குழாய்க்கொரு வால்வு. என் படகின் வால்வைத் திருகினேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பித்தளை சிவந்துபோய், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. ரப்பர் குழாய் விறைத்து வெடித்திருந்தது.

தருமபுரியில் ஏறாத கடை இல்லை. எல்லாரும் போர்வெல் வால்வையே நீட்டினார்கள். “அத்தன அடி ஆழத்துத் தண்ணிக்கே தாங்குதுங்க!” தாங்கட்டும், அதுவும் பித்தளைதான், எனக்கு வேண்டாம் என்று சென்னையிலிருந்து வெண்கல வால்வு வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படகுக்கடியில் மல்லாந்து படுத்து, கிரைண்டரால் பழையதை அறுத்தேன். வாயெல்லாம் ஃபைபர் தூசி. புதுக் குழாயை வெந்நீரில் ஊறவைத்து இளக்கி ஏற்றி, முனைக்கு இரண்டிரண்டு கிளிப் போட்டு முறுக்கினேன்.

கொழுந்தனார் குனிந்து பார்த்தார். “ஏனுங்க அண்ணி, படகுக்கு அடியில யாராச்சும் ஓட்ட உடுவாங்களா?”

“மழத்தண்ணி தானா எறங்கத்தான் தம்பி.”

தலையை ஆட்டினார். முகம் மட்டும் ஒப்பவில்லை.

இறக்கிய அன்று கரையில் கூட்டம். ஓட்டல்காரர் டெம்போவோடு வந்திருந்தார், அவ்வளவு நம்பிக்கை! படகு மிதந்தது. வால்வுகளைத் திறந்தேன், சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டிருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் சேர்ந்தது. கணுக்காலைத் தொட்டது. ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. வால்வு திறந்துதான் இருந்தது. குனிந்து குழாயின் வாயைக் கையால் துழாவினேன்.

“பயப்படாதீங்க அண்ணி!” கரையிலிருந்து கொழுந்தனார் கத்தினார். “ராத்திரியே ரெண்டு ஓட்டயையும் தாரு வெச்சு அடைச்சுட்டனுங்க! அடியில ஒழுவாது!”

வருஷா வருஷம் பரிசலுக்குத் தார் பூசும் கை. என் படகு மூழ்கிவிடக் கூடாதே என்று பாசத்தில் செய்திருக்கிறார். அவரை எப்படித் திட்டுவது?

“மொண்டு ஊத்திட்டு வந்துரு! போதும்!” என்றார் என் கணவர். ஓட்டல்காரர் டெம்போவின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

மொண்டு ஊற்றினால் நான் தோற்றேன். பாய் மடங்காமலிருக்க அதில் செருகியிருந்த நீளப் பட்டையை உருவினேன். வளையக்கூடியது. அதைக் குழாய்க்குள் விட்டு, திறந்த வால்வைத் தாண்டி அடிவரை தள்ளிக் குத்தினேன்.

“ஐயோ, அண்ணி படகுல ஓட்ட போடறாங்க!”

கரை மொத்தமும் அலறியது. “வேண்டாம்டி!” என்றார் என் கணவர். குத்தினேன். தார் அசையவில்லை. உடம்பு முழுவதையும் சாய்த்துக் குத்தினேன். பொதக்கென்று விட்டது. அடுத்ததையும் குத்தித் தள்ளினேன். காலைச் சுற்றித் தண்ணீர் சுழன்று, கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. மழை நிற்கவில்லை, குழியில் தண்ணீரும் நிற்கவில்லை.

ஓட்டல்காரர் டெம்போவின் பின்கதவைச் சாத்தினார். என் கணவர் கையை ஆட்டி, “சரி, செயிச்சுட்ட. கரைக்கு வா” என்றார்.

போகவில்லை. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயை ஏற்றினேன்.